படுக்கையைச் சமமாக்கவும்

கிட்னி ட்ரே என்னும் வளைந்த தட்டில் போட்டுக் குலுக்கிய சீட்டுகளில் ஒன்றை எடுத்துப் பிரித்து "பன்னெண்டு" என்றாள், வகுப்பில் எல்லாரும் பொம்மை என்று கூப்பிடும் மாணவி. சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. சீட்டை உள்ளங்கையில் மடக்கிக்கொண்டு, வரிசையில் தனக்குப் பின்னால் நின்றவளைத் திரும்பிப் பார்த்தாள். பன்னிரண்டாம் படுக்கையில் இருந்தவர் பின்னால் நின்றவளின் அப்பா.

மகள் தன் முறைக்குத் தட்டில் கையை விட்டு எடுத்தாள். பதினொன்று. சர்க்கரை நோயில் கால் புண்ணாகிக் கிடந்த பழைய பஸ் கண்டக்டர். அவருக்குப் புண் கட்ட வேண்டும். பொம்மை பன்னிரண்டாம் படுக்கைக்காரரைப் படுக்கையிலேயே குளிப்பாட்ட வேண்டும். எந்தப் படுக்கைக்கு எந்த வேலை என்பது முன்பே முடிவானது. சீட்டு ஆளை மட்டும்தான் மாற்றும்.

நர்சிங் பட்டப்படிப்பின் கடைசிப் பிராக்டிகல் அது. ஆண்கள் பொது வார்டைத் தேர்வுக்கூடமாக ஆக்கியிருந்தார்கள். ஆக்குவது என்றால், நோயாளிகளின் உறவினர்களை விடிந்ததும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்துவது, விரிப்புகளை மாற்றுவது, ஜன்னல் திட்டில் காய்ந்து கிடந்த டீக் கோப்பைகளை ஒளித்து வைப்பது, மதிப்பெண் போட வெளியூரிலிருந்து வரும் எக்ஸ்டெர்னலுக்கு அலுவலகத்திலிருந்து ஒரு மெத்தை நாற்காலியைத் தூக்கி வருவது. நோயாளிகளையும் இன்று ஒரு நாள் ஒழுங்காக இருக்கச் சொல்லியிருந்தார்கள். வாந்தி வருகிறவர்கள்கூட அடக்கிக்கொண்டு படுத்திருந்தார்கள்.

மகள் வரிசையை விட்டு விலகி ஆசிரியையிடம் போனாள். அந்த அம்மாளுக்கு மாணவிகள் வைத்த பெயர் மடிப்பு மேடம். விரிப்பின் மூலை சரியான கோணத்தில் மடியாவிட்டால் படுக்கை முழுவதையும் பிரித்துத் தரையில் போட்டுவிட்டுப் போய்விடுவார். நோயாளி அதில் படுத்திருந்தாலும் பாதி வரைக்கும் பிரித்துப் பார்த்திருக்கிறார்.

"மேடம், பன்னெண்டு எங்க அப்பா."

"தெரியும்மா. உனக்கே விழாம இருந்துச்சே, அதுவே நல்லது."

வேறு ஆளே இல்லையா என்று மகள் கேட்டாள். மேடம் பொறுமையாக விளக்கினார். எழுந்து நடக்க முடியாதவராக இருக்க வேண்டும், ஆனால் கேட்டால் பதில் சொல்லக்கூடியவராக இருக்க வேண்டும், உடம்பில் கட்டு எதுவும் இருக்கக் கூடாது. இப்படி ஒரு கேஸ் தேர்வு நாளில் அமைவது அதிர்ஷ்டம். தவிர, உன் அம்மாவிடமே கேட்டாயிற்று, குளிப்பாட்டி விடுங்கள், நல்லா இருப்பீங்க என்று கும்பிட்டுச் சொன்னார். உனக்கு என்ன வந்தது?

"சாய்ச்சு வச்சபடியே குளிப்பாட்டச் சொல்லுங்க மேடம். அவரைத் தட்டையா படுக்க வச்சா மூச்சு விட முடியாது."

மேடம் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "அதை நான் எப்படிச் சொல்றது? சொன்னா ஹிண்ட் குடுத்த மாதிரி ஆயிடும். கேஸைப் படிச்சு அவளேதான் கண்டுபிடிக்கணும். ரெண்டாம் வருஷத்துப் பாடம். அவளுக்குத் தெரியாதா என்ன?"

தெரியாமல் என்ன. இதயம் தளர்ந்துபோனவர்களுக்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். நிமிர்த்தி உட்கார வைத்தால் நீர் கீழே தங்கும், மேல்பாதியால் மூச்சு விடுவார்கள். தட்டையாகப் படுக்க வைத்தால் உள்ளுக்குள்ளேயே மூழ்குவார்கள். வகுப்பில் இருந்த அத்தனை பேரும் அந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கியிருந்தார்கள். படம் வரைந்து பாகங்களைக் குறித்து, கலர் பென்சிலால் நீல நீர் தீட்டி.

ஆனால் படுக்கைக் குளியல் முதல் வருடத்துப் பாடம். அது ஆளுயர ரப்பர் பொம்மையை வைத்து நடத்தப்படுவது. அதன் படிகளை வாய்ப்பாடு போல ஒப்பிக்க வேண்டும். மறைப்பை இழுக்கவும். செய்யப்போவதை நோயாளிக்கு விளக்கவும். தலையணைகளை அகற்றிப் படுக்கையைச் சமமாக்கவும். அந்த ரப்பர் பொம்மைக்கு நுரையீரல் கிடையாது. அதனிடம் அன்பாகப் பேசியபடியே ஒரு படிகூடத் தவறாமல் குளிப்பாட்டி, கல்லூரி ஆண்டு விழாவில் மேடையேறிப் பரிசு வாங்கியவளுக்குத்தான் பொம்மை என்ற பெயர். முதல் வருடத்துப் பாடமும் இரண்டாம் வருடத்துப் பாடமும் ஒரே மண்டைக்குள் பக்கத்துப் பக்கத்து வீட்டுச் சண்டைக்காரர்கள் மாதிரி பேச்சுவார்த்தை இல்லாமல் குடியிருக்கும் என்று மடிப்பு மேடத்துக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் ஆசிரியை ஆகியிருக்க மாட்டார்.

பொம்மையிடமே சொல்லிவிடலாமா என்று மகள் பார்த்தாள். அதற்குள் பொம்மையைக் கூப்பிட்டு மேசை முன்னால் நிறுத்திவிட்டார்கள். தேர்வு விதியை மேடம் உரக்கப் படித்தார். இன்னொரு மாணவியோடு பேசினால் வெளியே. தன் நோயாளியை விட்டு நகர்ந்தால் வெளியே. வெளியே போனவர்கள் அடுத்த வருடம் ஜூனியர்களோடு சேர்ந்து எழுதிக்கொள்ளலாம்.

அடுத்த வருடம் என்பது மேடத்துக்கு ஒரு காலண்டர். மகளுக்கு அப்படியில்லை. தேறிய கையோடு சேருவதற்கு ஒரு வேலை பேசி வைத்திருந்தாள், அது அவளுக்காக ஒரு வருடம் காத்திருக்காது. அவள் குடும்பத்தில் அதுவரை கல்லூரி வாசலைத் தாண்டி உள்ளே போனது, கட்டடம் கட்டும்போது சிமெண்ட் இறக்கப் போன அப்பாவின் லாரி மட்டும்தான்.

அந்த அப்பாதான் முதல் வருடத்தில் தினமும் கேட்பார், இன்னிக்கு என்ன படிச்சே என்று. படுக்கை விரிக்க என்று சொன்னாள். மறுநாளும் படுக்கை விரிக்கத்தான். ஒரு மாதம் அதேதான். "நான் தினம் லாரி சீட்டுல விரிக்கிறேனே, எனக்குப் பட்டம் தர மாட்டாங்களா?" என்று அவர் கேட்டதும் அவள் தட்டை வைத்துவிட்டு எழுந்து போனாள். கோபம் அவர் கேலி செய்ததற்கு அல்ல. கேள்வி சரியாக இருந்ததற்கு. நண்பர்களிடம் மகள் ஆஸ்பத்திரி வேலைக்குப் படிக்கிறாள் என்று மட்டும் சொல்வார். என்ன வேலை என்று கேட்டால் வண்டிக்கு நேரமாகிவிடும்.

தேர்வு தொடங்குவதற்கு முன் மகள் பன்னிரண்டாம் படுக்கையைத் தாண்டிப் போவது போல ஒரு நிமிடம் நின்றாள். தலைப்பக்கம் உயர்த்திய கட்டிலில், முதுகுக்குத் தலையணைகள் அண்டக் கொடுத்து, ஸ்டியரிங்கைப் பிடிக்கிறவர் போல இரண்டு கைகளையும் முன்னால் ஊன்றி உட்கார்ந்திருந்தார். மூக்கில் ஆக்சிஜன் குழாய். கால்கள் வீங்கிப் பளபளத்தன.

"யாரு... என்னைக் குளிப்பாட்டப் போறது?"

"என் கிளாஸ்ல ஒருத்தி."

"நல்லா செய்வாளா?"

"ரப்பர் பொம்மைய நல்லா குளிப்பாட்டுவா."

அவர் சிரிக்கப் பார்த்தார். இருமலாக வந்தது. "அப்ப நான் ஆடாம அசையாம இருந்தா... பாஸ் ஆயிடுவா."

"பேசாதே. அவ கட்டிலைத் தட்டையா இறக்க வந்தா வேணாம்னு சொல்லு. சத்தமா சொல்லு, என்ன?"

"சரி கிளீனரு," என்றார். சின்ன வயதில் விடுமுறை நாட்களில் லாரியில் ஏறிக்கொண்டு பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தவளுக்கு அவர் வைத்த பெயர் அது.

மணி அடித்தார்கள்.

பதினொன்றாம் படுக்கைக்காரர் காலை நீட்டித் தயாராக இருந்தார். மகள் கை கழுவிவிட்டு வந்து, வணக்கம் சொல்லி, செய்யப்போவதை விளக்கினாள். கண்டக்டர் கவனமாகக் கேட்டார். "நின்னே தேஞ்ச காலும்மா இது," என்றார். "எல்லாரையும் உக்கார வச்சு, நான் மட்டும் நின்னுக்கிட்டே போன கால்." பழைய கட்டைப் பிரித்தாள். குழியாகச் சிவந்திருந்தது புண். அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். மகள் கிருமி நீக்கிய பொட்டலத்தைத் திறந்து, புதுக் கையுறைகளை மாட்டி, விதிப்படி இரண்டு கைகளையும் எதன்மீதும் படாமல் மார்புக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

எக்ஸ்டெர்னல் இரண்டு படுக்கைகளுக்கும் எதிரில் மெத்தை நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் இருந்த தாளில் படிக்குப் படி டிக் போட்டுக்கொண்டிருந்தார். தாளில் எழுதியிருப்பதைப் படிப்பார், மாணவியின் கையைப் பார்ப்பார், டிக் போடுவார். நோயாளியின் முகம் அந்தத் தாளில் இல்லை, அதனால் அவர் அதைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

பச்சைத் துணி மறைப்பு இரண்டு படுக்கைகளுக்கும் நடுவே இழுபட்டது. அந்தப் பக்கம் பொம்மையின் குரல் தேனாகக் கேட்டது.

"வணக்கம் ஐயா. நான் இறுதியாண்டு மாணவி. இப்ப உங்களைப் படுக்கையிலயே குளிப்பாட்டப் போறேன். உங்களுக்குப் புத்துணர்ச்சியா இருக்கும்."

தலையணைகள் ஒவ்வொன்றாக நாற்காலியில் விழும் சத்தம். பிறகு மறைப்புக்கு வெளியே, கட்டிலின் கால்மாட்டில் இருந்த கைப்பிடியைப் பொம்மையின் கை வந்து பற்றுவதை மகள் பார்த்தாள். நகம் வெட்டிய, மோதிரம் கழற்றிய, குறை சொல்ல முடியாத கை. அது சுழற்றத் தொடங்கியது. துரு கிறீச்சிட்டது.

"வேணாம்மா," என்றார் அப்பா. சத்தமாகச் சொல்லத்தான் பார்த்தார். "இறக்காதே... மூச்சு..."

"பயப்படாதீங்க ஐயா. கொஞ்ச நேரம்தான். நான் பக்கத்துலயே இருக்கேன்."

எக்ஸ்டெர்னல் டிக் போட்டார். நோயாளியின் அச்சத்தைப் போக்கவும் என்று ஒரு படி உண்டு.

"நிமித்து," என்றாள் மகள். "கட்டிலை நிமித்து."

கைப்பிடி ஒரு கணம் நின்றது. மடிப்பு மேடம் பதறிக்கொண்டு வந்தார். உன் பேஷண்டைப் பார், வாயைத் திறக்காதே என்று பல்லுக்கிடையில் சொன்னார். யார் பேசுவது என்று எக்ஸ்டெர்னல் தாளிலிருந்து தலை தூக்கிக் கேட்க, ஒன்றுமில்லை சார், நீங்கள் பாருங்கள் என்று அவரைச் சமாதானப்படுத்தினார். கைப்பிடி மறுபடி சுழன்றது. கடைசிச் சுற்றில் கட்டில் தட்டென்று அமர்ந்தது.

"மேடம், அவருக்கு இதயம் தளர்ந்திருக்கு. கேஸ் ஷீட்லயே இருக்கு. நீங்களாவது போய்ப் பாருங்க."

மேடம் போனார். அதைத்தான் பின்னால் மகளால் யாரிடமும் சொல்ல முடியவில்லை, சொன்னாலும் நம்ப மாட்டார்கள். மேடம் மறைப்பை விலக்கிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டு, தொங்கிக்கொண்டிருந்த விரிப்பின் மூலையை எடுத்து மெத்தைக்கு அடியில் கோணம் பிசகாமல் மடித்துச் செருகிவிட்டுத் திரும்பி வந்து தன் இடத்தில் நின்றுகொண்டார்.

துணி பிழியும் சத்தம். தண்ணீர் சொட்டும் சத்தம். அவற்றுக்கு அடியில், கொதிக்கும் பாத்திரத்து மூடி போல ஒரு சத்தம். மகளுக்குத் தெரியும் அது எங்கிருந்து வருகிறது என்று.

"இப்ப உங்க வலது கையைத் துடைக்கிறேன் ஐயா," என்றாள் பொம்மை.

"கிளீனரு," என்றது மறைப்புக்குப் பின்னால் இருந்த குரல்.

மகள் நகர்ந்தாள். கை பட்டதில் இடுக்கிகள் இருந்த தட்டு தரையில் விழுந்தது. கண்டக்டர் "போம்மா, போ" என்றார், யாரும் அவரைக் கேட்காமலே. மறைப்பு ஒரு பக்கமாகச் சரிந்தது. அப்பாவின் உதடுகள் நீலமாகியிருந்தன, வாயோரம் சிவப்புக் கலந்த நுரை. கண்கள் மேலே, மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஒரு கை சோப்பு நுரையோடு, மார்பில் ஒரு துண்டு.

"இப்ப இடது பக்கமா திருப்பப் போறேன் ஐயா," என்று பொம்மை அப்போதும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மகள் கைப்பிடியைப் பிடித்துச் சுழற்றினாள். இறங்கும்போது இளகி இறங்கும் கட்டில், ஏறும்போது முரண்டு பிடிக்கும். அந்த வார்டில் எல்லாக் கட்டில்களும் அப்படித்தான். அவர் தலை மெல்ல மெல்ல உயர்ந்து, பக்கவாட்டில் சாய்ந்தது. மகள் ஓடிப்போய்த் தோளை அண்டக் கொடுத்தாள். அப்பா என்று ஒரு முறைதான் கூப்பிட்டாள். பிறகு கழுத்தில் விரல்களை வைத்துப் பார்த்தாள். பார்க்கக் கற்றுக் கொடுத்திருந்தார்கள், எங்கே எப்படி எத்தனை நேரம் என்று. அந்தப் பாடத்தில் மட்டும் ஒரு குறையும் சொல்ல முடியாது.

டியூட்டி டாக்டர் வந்தார். மார்பை அழுத்தினார்கள், ஊசி போட்டார்கள், மருந்து வண்டியின் சக்கரம் ஒன்று உருளாமல் இழுபட்டது. மகளை ஒதுங்கி நிற்கச் சொன்னார்கள், அவள் ஒதுங்கி நின்றாள். டாக்டர் கையை எடுத்துவிட்டு நெற்றியைத் துடைத்தபோது வார்டில் அத்தனை நோயாளிகளும் கூரையைப் பார்த்துப் படுத்திருந்தார்கள். யாருக்கும் இந்தப் பக்கம் திரும்பத் துணிவில்லை.

எக்ஸ்டெர்னலை டீ குடிக்க அழைத்துப் போனார்கள்.

மடிப்பு மேடம் மகளைக் கை கழுவும் தொட்டிப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார். கண்கள் கலங்கியிருந்தன. கலங்கியது பொய் என்று சொல்ல முடியாது. உன் அப்பாவுக்கு டாக்டர்கள் முன்பே கை விரித்துவிட்டார்கள், உனக்கே தெரியும் என்றார். இன்றோ நாளையோ என்றுதான் இருந்தது, நம் கையில் என்ன இருக்கிறது என்றார். பிறகு குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்தில் விஷயத்துக்கு வந்தார்.

"எக்ஸ்டெர்னல்கிட்ட பேசிட்டேன். நீ போய் அந்த டிரெஸ்ஸிங்கை முடிச்சிடு, தட்டு விழுந்ததை அவர் கணக்குல எடுத்துக்க மாட்டார். நல்ல மார்க்கே போட்டுடலாம். அந்தப் பொண்ணும் பாவம். படியில இருக்கிறதைத்தானே அவ செஞ்சா? குளிப்பாட்டிட்டு இருக்கும்போதே போயிட்டார். அவ்வளவுதான். கட்டில் எப்படி இருந்துச்சுன்னு யாரும் கேக்கப் போறதில்ல."

"கேட்டா?"

"ஏன்மா கேக்கணும்?" மேடம் அவள் தோளைத் தொட்டார். "நாலு வருஷம். உங்க அப்பா எதுக்காக வண்டி ஓட்டினார்? நீ பாஸ் பண்ணணும்னுதானே? அவரை நினைச்சுப் பாரு."

மகள் அந்தக் கையைப் பார்த்தாள். எத்தனையோ மூலைகளை மடித்த கை. முதல் வருடம் மெழுகுவத்தி பிடித்து உறுதிமொழி எடுத்த நாளில் வரிசையாக நிறுத்தி வரிக்கு வரி சொல்லிக் கொடுத்தவரும் இவர்தான். நோயாளியின் நலனே முதல் என்ற வரி வந்தபோது மெழுகு விரலில் சொட்டி, பாதிப் பேருக்கு வரி மறந்து போனது. மேடம் மறக்காமல் எடுத்துக் கொடுத்தார்.

டியூட்டி டாக்டர் மேசையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். மகளைவிடச் சில வயதே கூடுதலான பையன், தூங்காத கண். மகள் ஈரக் கையோடு நேராக அவர் முன்னால் போய் நின்றாள்.

"சார், அவரைத் தட்டையா படுக்க வச்சிருந்தாங்க. வேணாம்னு அவர் சொன்னார். நானும் சொன்னேன். அப்புறமும் வச்சாங்க."

டாக்டர் அவளுடைய சீருடையைப் பார்த்தார், பிறகு பின்னால் வந்து நின்ற மேடத்தைப் பார்த்தார். பேனா மூடியைக் கடித்தார்.

"நீங்க அவரோட பொண்ணு இல்லயா?"

"ஆமா."

"பாருங்கம்மா, அவருக்கு எப்படியும் ரொம்ப நாள் இல்ல."

"இன்னிக்கு இருந்துச்சு சார்."

அவர் குனிந்து எழுதினார். மேசைக்கு மேலாக மகளுக்குத் தலைகீழாகத் தெரிந்தது. இதயச் செயலிழப்பு. அவ்வளவுதான். அதில் கட்டில் இல்லை, கைப்பிடி இல்லை, சொன்னவர்கள் இல்லை. பொய்யும் இல்லை. இந்த இடத்தில் யாரும் பொய் சொல்வதே கிடையாது.

டீ குடித்துவிட்டு வந்த எக்ஸ்டெர்னலிடம் மேடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். அவர் மகளின் தாளை எடுத்து, தேர்வின் நடுவே நோயாளியை விட்டு நீங்கினார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, மை காய்வதற்கு ஊதினார். அதில் அவருக்கு வருத்தம் இருந்தது போலத்தான் தெரிந்தது. விதியைத் தான் எழுதவில்லை என்ற வருத்தம்.

பொம்மை மருந்து அலமாரியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். மகள் கடந்து போகும்போது அவள் சீருடையின் ஓரத்தைப் பிடித்தாள். "தலையணை எடுத்துட்டுச் சமமாக்கணும்னுதானே இருக்கு? நான் எதையாவது விட்டுட்டேனாடி?" என்று கேட்டாள். உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டாள். இரண்டு பாடங்களும் அப்போதும் அவளுக்குள் சந்தித்துக்கொள்ளவில்லை. திட்டுவதற்கு மகளிடம் நிறைய இருந்தது. ஆனால் அந்த முகத்தில் திட்டு போய் உட்கார ஓர் இடமும் இல்லை.

"ஒண்ணும் விடல," என்றாள். "எழுந்து முகத்தைக் கழுவு."

கதவைத் திறந்துவிட்டார்கள். அம்மா வாசற்படியிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு வந்தாள். அவளுக்குப் பின்னால் மாமா, அவர் கையில் அம்மாவின் கைப்பையும் தண்ணீர் பாட்டிலும். அம்மா கட்டில் அருகில் போய் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். தொட்டாள். சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்து, எல்லாரும் சேர்ந்து அவரைக் குளிப்பாட்டிச் சுத்தமாக வைத்திருப்பார்கள் என்று காலை முழுவதும் நிம்மதியாக இருந்திருக்கிறாள். அதை அவளே சொன்னாள், அழுகைக்கு நடுவே.

மாமா மகளின் தலையில் கை வைத்தார். குடும்பத்தில் எந்தக் காரியத்துக்கும் முதல் பேச்சு அவருடையது. பெண்ணை நர்சிங் படிக்க வைப்பதற்குப் பதில் காலாகாலத்தில் ஒரு நல்ல இடத்தில் கட்டிக் கொடு என்று நான்கு வருடமும் அப்பாவை அரித்தவரும் அவரே.

"மச்சான் குடுத்து வச்சவர்," என்றார். "பெத்த பொண்ணே நர்சா பக்கத்துல இருந்திருக்கு. எத்தனை பேருக்குக் கிடைக்கும் இப்படி? நாங்க எல்லாம் படிப்பு வேணாம்னோம். மச்சான்தான் கேக்கல."

அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "கடைசில ஏதாவது சொன்னாராடி?"

மகளுக்குச் சொல்வதற்கு வாய் வந்தது. மறைப்பு, கைப்பிடி, விரிப்பின் மூலை எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாக நாக்கு வரைக்கும் வந்தன. எதிரில் அம்மாவின் முகம் இருந்தது, மாமாவின் கை இன்னும் தலைமேல் இருந்தது.

"உக்காரணும்னு சொன்னார்," என்றாள்.

"உக்கார வச்சியா?"

"வச்சேன்."

மாமாவின் கையை எடுத்துவிட்டு நகர்ந்தாள். வாகனத்துக்கும் ஆளுக்கும் சொல்ல மாமா போனார், போகிற வழியில் யார் யாரிடமோ மச்சான் குடுத்து வச்சவர் என்று சொல்லிக்கொண்டே.

பதினொன்றாம் படுக்கையில் கால் அப்படியே திறந்து கிடந்தது. யாரோ அதன்மீது ஒரு செய்தித்தாளைக் கூடாரம் போல் மடித்து வைத்திருந்தார்கள். கண்டக்டர் ஈ விரட்டிக்கொண்டு படுத்திருந்தார். மகளைப் பார்த்ததும், "அவசரமில்லம்மா," என்றார். "வேற யாராவது வருவாங்க. நீ போய் அப்பாகிட்ட இரு."

வேறு யாரும் வர மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். தேர்வு முடிந்துவிட்டது. தேர்வு முடிந்த பிறகு இந்த வார்டில் புண்கள் மாலை ஷிப்டு வரைக்கும் காத்திருக்கும். மகள் கை கழுவினாள். புதுப் பொட்டலம் கேட்டபோது, எந்தப் பேரில் கணக்கு எழுதுவது என்று ஸ்டோர்க்காரி கேட்டாள். மகள் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். கையுறை மாட்டினாள். நடுவிலிருந்து வெளியே, நடுவிலிருந்து வெளியே என்று துடைத்தாள். ஒரு பஞ்சை ஒரு முறைக்கு மேல் பயன்படுத்தவில்லை. யாரும் டிக் போடவில்லை. கண்டக்டர் இந்த முறை ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எரியுதா?"

"இல்லம்மா. நீ பாட்டுக்குப் பண்ணு."

முதுகுக்குப் பின்னால் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தாள். சரிந்த மறைப்பை யாரோ நிமிர்த்தி வைத்திருந்தார்கள், ஆனால் பாதிதான். அம்மா, பொம்மை விட்டுப்போன துணியை எடுத்துக் கிண்ணத்தில் நனைத்துப் பிழிந்துகொண்டிருந்தாள். அப்பாவின் கையில் சோப்பு காய்ந்து வெள்ளையாகப் படிந்திருந்தது. உடம்பைச் சுத்தம் செய்ய ஆள் வருவார்கள், அதற்கென்று முறை இருக்கிறது என்று மேடம் வந்து அம்மாவிடம் சொன்னார். அம்மாவுக்குக் காது கேட்டதாகத் தெரியவில்லை. மேடம் அடுத்த கட்டிலின் விரிப்பைச் சரிசெய்யப் போனார்.

மகள் கடைசிச் சுற்றுக் கட்டைக் கட்டி, பிளாஸ்டர் ஒட்டினாள். கண்டக்டரின் காலை மெதுவாகத் தலையணைமேல் வைத்தாள்.

"ஏண்டி," என்று அம்மா கூப்பிட்டாள். குரல் தெளிந்திருந்தது, வீட்டில் எதையாவது எடுத்து வரச் சொல்லும்போது இருப்பது போல. "இந்தத் தண்ணி ஆறிப் போச்சு. கொஞ்சம் சுடுதண்ணி கிடைக்குமா?"

மகள் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு வார்டின் கோடியில் இருந்த குழாய்க்குப் போனாள். பழைய தண்ணீரைக் கொட்டினாள். சுடுதண்ணீர் குபுக்கென்று ஆவியோடு விழுந்தது. அதன்மேல் பச்சைத் தண்ணீரைக் கொஞ்சம் விட்டாள். சீருடையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு முழங்கையை உள்ளே விட்டுப் பார்த்தாள். சூடு அதிகம். இன்னும் கொஞ்சம் பச்சைத் தண்ணீர் விட்டாள், மறுபடி முழங்கையை விட்டாள், சரியாக இருக்கிறதா என்று.